சூப்பர்வைசரின் காலண்டர்

எங்கள் வீட்டில் மொத்தம் மூன்று பேர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். மூன்றாவது ஆள் சூப்பர்வைசர், பூனை.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பஸ் எஞ்சினுக்குள் கத்திக்கொண்டிருந்ததை இவர்தான் வெளியே எடுத்து, டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். உடம்பெல்லாம் கிரீஸ். குளிப்பாட்டிய பிறகுதான் அது வெள்ளைப் பூனை என்றே தெரிந்தது. வளர்ந்ததும் அதற்கு ஒரு பழக்கம் வந்தது. இவர் வீட்டில் எதைக் கழற்றிப் பிரித்தாலும், வந்து அவருடைய இரும்பு டூல்ஸ் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வேலை முடிகிறவரை கண் இமைக்காமல் பார்க்கும். ஒரு துரும்பை நகர்த்தாது. அப்படியொரு முகம். "எங்க டிப்போ சூப்பர்வைசரேதான்" என்றார் இவர். பேர் நிலைத்துவிட்டது.

பேரோடு மரியாதையும் ஒட்டிக்கொண்டது. "அவரு சாப்பிட்டாரா?", "அவரு இன்னும் எந்திரிக்கலையா?" என்றுதான் கேட்பார். எனக்கு இந்த நாடகமெல்லாம் ஆகாது. பூனை என்றால் பூனை. நான் "அது" என்றுதான் சொல்வேன், அதுவும் என்னை அப்படித்தான் நடத்தியது.

போன மாதம் மேல்வீட்டு அக்கா ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, செருப்பைக் கழற்றும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெரியவருக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பால்கனியில் நின்று இவர் போனில் பேசியதை அக்கா கேட்டிருக்கிறார். "அவருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு, இனிமே தேற மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாங்க." என் மாமனாரைத்தான் ஊரிலிருந்து கூட்டிவந்து வைத்திருக்கிறோம் என்று அக்கா நினைத்துவிட்டார். மாமனார் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. நான் கட்டிலுக்கடியில் கையைக் காட்டினேன். குனிந்து பார்த்த அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பழத்தை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை, நல்லவேளை. அந்த மாதத்தில் நான் சிரித்தது அது ஒரு தடவைதான்.

கிட்னி விஷயம் உண்மை. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். குணமாகாது. ஒருநாள் விட்டு ஒருநாளோ தினமுமோ கழுத்துத் தோலுக்கடியில் சலைன் தண்ணீர் ஏற்றினால் கொஞ்ச நாள் வண்டி ஓடும். அப்புறம் ஒரு கட்டத்தில் நாங்களே வந்து, போதும் என்று சொல்ல வேண்டும். ஒரு ஊசி, வலி இருக்காது.

"அந்தக் கட்டம் எதுன்னு எப்படி டாக்டர் தெரியும்?" என்று கேட்டேன்.

"அதை நான் சொல்ல முடியாதும்மா. கூட இருக்கறது நீங்கதான்."

கிளினிக் மாடிப்படியிலேயே எங்களுக்குச் சண்டை ஆரம்பித்துவிட்டது. "இன்னைக்கே எதுக்கு அந்தப் பேச்சு?" என்றார் இவர். "பேசாம இருந்தா மட்டும் புதுசா கிட்னி முளைச்சிடுமா?" என்றேன் நான். என் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும், அது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த சங்கதி. அவர் பூனைக் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் இறங்கினார். மூன்று நாள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மாவுக்கே புரிந்துவிட்டது போலிருக்கிறது. ஒரு வழி சொன்னார். "ஒரு காலண்டர் மாட்டுங்க. அன்னன்னைக்கு யார் கூட இருக்கீங்களோ அவங்க, நல்ல நாளா மோசமான நாளான்னு பார்த்து டிக்கோ இன்ட்டோ போட்டு வைங்க. தொடர்ந்து மூணு நாள் மோசம்னா, நாலாவது நாள் யோசிக்காம கூட்டிட்டு வந்துடுங்க. வாயால பேசினா மனசு ஏமாத்தும். காலண்டர் ஏமாத்தாது."

எங்கள் இரண்டு பேருக்கும் இது நிம்மதியாக இருந்தது. இனிமேல் இதைப் பற்றிப் பேச வேண்டாம், பேசினால் சண்டைதான் வரும், காலண்டர் சொல்கிறபடி செய்வோம் என்று ஒப்புக்கொண்டோம். இருபத்துமூன்று வருஷக் கல்யாணத்தில் நாங்கள் சண்டையில்லாமல் எடுத்த முடிவு அது ஒன்றாகத்தான் இருக்கும். ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் காலண்டரை மாட்டி, ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டார் இவர்.

இவருக்கு டிப்போவில் ஒரு நாள் முழுக்க டியூட்டி, மறுநாள் முழுக்க வீடு. அந்த மாதம் ஒற்றைப்படைத் தேதியெல்லாம் வீட்டில் இருந்தார். அந்த நாட்களில் பூனையை அவர் பார்த்துக்கொள்வார், நான் பள்ளியில் பரீட்சைப் பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துவிட்டு இருட்டிய பிறகு வருவேன், அதற்குள் அது கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டு தூங்கியிருக்கும். இரட்டைப்படைத் தேதியில் பூனை என் பொறுப்பு. பள்ளிவிட்டு நேரே ஓடிவருவேன். ஜன்னல் கம்பியில் பாட்டிலைத் தொங்கவிட்டு, பூனையின் கழுத்துத் தோலை இரண்டு விரலால் தூக்கி, ஊசியைச் செருகி, தண்ணீர் இறங்குகிறவரை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம் வாய் துடைப்பது, மருந்து கொடுப்பது, கொடுத்த மருந்தைச் சுவரிலிருந்து துடைப்பது. எல்லாம் முடிந்தபிறகு விடைத்தாள் கட்டு. முதுகு இரண்டாகப் பிளந்துவிடும் போல இருக்கும்.

ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான். "எப்படி இருந்தாரு?"

"காலண்டர்ல போட்டிருக்கேன்."

முதல் வாரம் எனக்குப் பெரிய குறையொன்றும் தெரியவில்லை. வேகவைத்த மீனைக் கொஞ்சம் தின்றது, ஜன்னலில் ஏறி உட்கார்ந்தது. நான் டிக் போட்டேன். அவரோ அவருடைய நாளெல்லாம் இன்ட்டாகப் போட்டு வைத்திருந்தார். ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீட்டில்தான் இருந்தோம். அது காலையில் ஒரே ஒரு தடவை வாந்தி எடுத்தது, அப்புறம் நாள் முழுக்க வெயிலில் படுத்துத் தூங்கியது. அதற்கும் இன்ட்டு. ஒரு வாந்திக்கே இப்படியா, சரியான பயந்தாங்கொள்ளி மனுஷன் என்று நினைத்து, வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். பேசக் கூடாது என்பதுதானே ஒப்பந்தம்.

பத்தாம் தேதி நான் வந்து பார்த்தபோது அது சோபாவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டால் காதுகூட அசையவில்லை. மீனை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. வாயில் புண். இன்ட்டு போட்டேன். அதற்கு முந்தின நாள் இவருடைய இன்ட்டு. ஆக இரண்டு. நாளைக்கு இன்னொன்று விழுந்தால் மூன்று. மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிய கணக்கை நானே தப்பாகப் போட்டு, பிள்ளைகள் திருத்தினார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்போடு ஃபிரிட்ஜ் பக்கம் போனேன். பதினோராம் தேதிக்குக் கீழே டிக். அப்பாடா என்று அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து எல்லாம் தலைகீழாகிவிட்டது. என் நாளெல்லாம் இன்ட்டு, அவர் நாளெல்லாம் டிக். பன்னிரண்டு இன்ட்டு, பதிமூன்று டிக், பதினான்கு இன்ட்டு. சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக வரிசை நீண்டுகொண்டே போனது. மூன்று ஒன்றாகச் சேரவே இல்லை.

முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் சந்தேகம் வந்தது. அப்புறம் பொறாமை. ஒளிப்பானேன், சுத்தமான பொறாமை. என்னிடம் இருக்கும்போது தின்னாமல் குடிக்காமல் சுவரைப் பார்க்கிற ஜந்து, அவரிடம் மட்டும் நன்றாக இருக்கிறதாமே. பதிமூன்று வருஷமாக அதன் மணல்தட்டை அள்ளிக் கொட்டியது யார்? "என்கூட இருந்தா மட்டும் உனக்குச் சாவு வருதா?" என்று பதினாறாம் தேதி அதன் முகத்துக்கு நேராகக் கேட்டேன். கேட்டுவிட்டு, எலும்பு மட்டும் மிஞ்சியிருந்த அந்த முதுகைத் தடவிக்கொண்டே அரைமணி நேரம் அழுதேன். தண்ணீர் இறங்கி முடிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. என்னைக் கேட்டால் போதும் என்று எப்போதோ சொல்லியிருப்பேன். ஆனால் அவருடைய நாட்களில் அது உயிரோடு, உற்சாகமாக இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற அந்த நல்ல நாளை அவரிடமிருந்து பிடுங்க நான் யார்? பல்லைக் கடித்துக்கொண்டு என் நாட்களை ஓட்டினேன்.

இருபத்தொன்றாம் தேதி மறுபடியும் இருவரும் வீட்டில் இருந்த ஞாயிறு.

காலையில் பாத்ரூம் தரையில் கிடந்தது. குளிர்ந்த டைல்ஸில் கன்னத்தை வைத்துக்கொண்டு, தன் மூத்திரத்திலேயே நனைந்து. இவர் தூக்கப் போனதும் ஒரு சத்தம் போட்டது. பூனைச் சத்தம் மாதிரியே இல்லை. இவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அப்புறம் துண்டை அடியில் நுழைத்து, துண்டோடு தூக்கி, வெந்நீரில் நனைத்த துணியால் ஒவ்வொரு காலாகத் துடைத்தார். நாள் முழுக்க வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. மூச்சு மட்டும் இறைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் மாறி மாறிப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் நான் சாப்பாட்டு மேசையில் விடைத்தாளைப் பரப்பிக்கொண்டு ஒரே தாளை நான்காவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். இவர் எழுந்து ஃபிரிட்ஜ் பக்கம் போனார். பென்சிலை எடுத்தார். டிக் போட்டார்.

நான் சிவப்புப் பேனாவை எறிந்தேன். அது ஃபிரிட்ஜில் பட்டு எங்கேயோ உருண்டது.

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?"

"என்ன இப்போ?"

"இது நல்ல நாளா? காலையிலேர்ந்து அது படற பாட்டைப் பார்த்துட்டு, கையால தூக்கிட்டு, நல்ல நாள்னு போட எப்படிங்க மனசு வருது? வலிக்குதுங்க அதுக்கு!"

அவர் பென்சிலோடு திரும்பினார். அவருக்குக் கோபம் வரவில்லை. குழம்பிப்போய்ப் பார்த்தார். "நல்ல நாள்னு யார் சொன்னா? அதான் டிக் போட்டிருக்கேனே."

"டிக்னா?"

"டிக்னா கம்ப்ளெய்ன்ட்."

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, புது ஆளுக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். டிப்போவில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஓர் அட்டை உண்டு. பிரேக், கிளட்ச், ஹெட்லைட் என்று வரிசையாக அச்சடித்திருக்கும். எதில் கோளாறோ அதற்கு நேராக டிரைவர் டிக் போடுவார். மெக்கானிக் அதைச் சரிபண்ணி முடித்ததும் இன்ட்டு போடுவார். இன்ட்டு விழுந்தால் கோளாறு இல்லை என்று அர்த்தம், வண்டியை வெளியே எடுக்கலாம்.

"முப்பது வருஷமா அப்படித்தான் போட்டுட்டு இருக்கேன்" என்றார்.

"நான் பேப்பர் திருத்தறதைப் பார்த்ததே இல்லையா நீங்க? சரின்னா டிக், தப்புன்னா இன்ட்டு. ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்குத் தெரியுமே!"

"பார்த்திருக்கேன். அது பசங்க பரீட்சை. இது உடம்பு ரிப்பேர்தானேன்னு..." நிறுத்திவிட்டுக் காலண்டரைப் பார்த்தார். "அப்போ நீ போட்ட இன்ட்டெல்லாம்?"

"மோசமான நாள்."

"எல்லாமா?"

நான் எழுந்து போனேன். கணக்கு டீச்சர் இல்லையா, விரல் வைத்து எண்ணாமல் இருக்க முடியவில்லை. பத்து, நான் போட்டது, மோசம். பதினொன்று, அவர் போட்டது, மோசம். பன்னிரண்டு, மோசம். மூன்றாகிவிட்டது. பதிமூன்றாம் தேதியே போயிருக்க வேண்டும். விரல் அங்கே நிற்கவில்லை, பதினான்கு, பதினைந்து, பதினாறு என்று ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து இருபத்தொன்றில் வந்து நின்றது. நடுவில் ஒரு கட்டம்கூட நல்ல நாள் இல்லை.

"முதல் வாரம் நீ டிக் டிக்கா போட்டப்போ, என்னடா இவ இப்படிப் பயப்படறாளேன்னு நெனச்சேன்" என்றார் அவர். "அப்புறம் இன்ட்டா விழ ஆரம்பிச்சுது. சரி, டீச்சர் கையில அவரு நல்லாயிருக்காரு, என் கைதான் சரியில்ல, ஊசியைத் தப்பா குத்தறேன் போலிருக்குன்னு நெனச்சேன். ஆரஞ்சுப் பழத்துல குத்திக் குத்திப் பழகினேன். நீ ஸ்கூலுக்குப் போனப்புறம்." கண்ணைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டார். "உன் நாளை நான் எதுக்குக் கெடுக்கணும்னுதான் சும்மா இருந்தேன்."

மேல்வீட்டு அக்கா கொடுத்த பழமெல்லாம் எங்கே போனது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. யார்மேலும் வரவில்லை. களைப்புதான் வந்தது, எலும்புவரைக்கும் இறங்குகிற களைப்பு. நாங்கள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அது சுவரைப் பார்த்து உட்கார்ந்து வலியைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருந்தால் போதும். இதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

"நாளைக்கு லீவு சொல்லிடறேன்" என்றேன்.

"நானும்" என்றார்.

மறுநாள் காலையில், என்ன சொல்ல, அது தலையைத் தூக்கிப் பார்த்தது. நான் விரலில் தொட்டுக் கொடுத்த மீன் தண்ணீரை இரண்டு தடவை நக்கியது. போதாதா? இவர் உடனே என்னைப் பார்த்தார். "கொஞ்சம் தேறியிருக்காரோ? இன்னைக்கு ஒரு நாள் பார்க்கலாமா?"

எனக்கும் அதே ஆசைதான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது, சரி பார்க்கலாம் என்று. "பதிமூணாம் தேதி போயிருக்கணும்ங்க" என்றேன். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

கிளினிக் பத்து மணிக்கு. ஒன்றரை மணி நேரம் இருந்தது. இவர் டூல்ஸ் பெட்டியைச் சமையலறைக்குக் கொண்டுவந்து, மேலே ஒரு துண்டை நான்காக மடித்துப் போட்டு, பூனையைத் தூக்கி அதன்மேல் உட்கார வைத்தார். அப்புறம் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். ரிப்பேர் பண்ண வீட்டில் ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் ஏற்கெனவே பண்ணியாகிவிட்டது. கடைசியில் அலமாரிக் கதவின் கீலில் இருந்த ஆறு ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றி, துடைத்து, மறுபடியும் ஒவ்வொன்றாக முடுக்கினார். நல்ல கதவு. அதற்கு ஒரு கோளாறும் இல்லை.

சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது, தலை ஆடியது, ஆனாலும் பார்த்தது. ஆறாவது ஸ்க்ரூ ஏறியதும் இவர் கதவை ஒரு தடவை திறந்து மூடிக் காட்டினார். "சரியா இருக்குங்களா சார்?" என்று கேட்டார். நான் தண்ணீர் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

டாக்டரம்மா காலண்டரைக் கேட்கவில்லை. தொட்டுப் பார்த்த உடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்களைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "ரெண்டு பேரும் கூட இருக்கீங்களா, வெளிய இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு பேரும் அவர்கூடவே இருக்கோம்" என்றேன்.

இவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். நான் என்ன சொன்னேன் என்று அப்புறம்தான் எனக்கே உறைத்தது. தலையை நான் பிடித்துக்கொண்டேன், முன்னங்கால்களை அவர் பிடித்துக்கொண்டார். ஊசி போட்டு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மூச்சிரைப்பது நின்றது. அத்தனை நாளாக இறுகிக் கிடந்த முதுகு என் கைக்குக் கீழே இளகியது. இவ்வளவு வலியோடா இருந்தது என்று அப்போதுதான் கைக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர் டூல்ஸ் பெட்டியைப் பழைய இடத்தில் வைத்தார். துண்டை மடித்து எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டார். நான் ஜன்னல் கம்பியிலிருந்து பாட்டிலை அவிழ்த்தேன். பிறகு அவர் ஃபிரிட்ஜ் பக்கம் போய் நின்றார். இருபத்திரண்டாம் தேதிக் கட்டம் காலியாக இருந்தது. பென்சிலை எடுத்தார்.

"என்ன போடறது, டீச்சர்?"

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "உங்க டிப்போல, வேலை முடிஞ்சு வெளிய போற வண்டிக்கு என்ன போடுவீங்க?"

"இன்ட்டு."

"அதையே போடுங்க."

போட்டார். என் கணக்கிலும் அன்றைக்கு இன்ட்டுதான்.